டாக்டர் நம்பிக்கையின் பாஷை

ஒரு பாஷை பிறந்த வருஷத்தைச் சொல்ல முடியுமா? எஸ்பெராந்தோவுக்குச் சொல்லலாம். 1887-ல் வார்ஸா நகரில் ருஷிய மொழியில் ஒரு சிறு புத்தகம் வெளியாயிற்று. ஆசிரியர் பெயர் 'டாக்டர் எஸ்பெராந்தோ'. அதாவது, நம்பிக்கை கொண்டவர். ஜாமென்ஹாஃப் என்ற யூதக் கண் வைத்தியர் புனைந்துகொண்ட பெயர் அது. பிற்பாடு பாஷைக்கே பெயராகிவிட்டது.

அவர் பிறந்த பியாலிஸ்தோக் நகரில் ருஷியர், போலிஷ்காரர், ஜெர்மானியர், யூதர் ஆகிய நால்வரும் நாலு பாஷை பேசி ஓயாமல் பகைத்து வந்தனர். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான பாஷை ஒன்றிருந்தால் மனஸ்தாபம் குறையுமென்று பாலப் பிராயத்திலேயே அவருக்குத் தோன்றிற்று.

இலக்கண விதிகள் பதினாறுதான். விதிவிலக்கு என்ற தொல்லை இல்லை. பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும். பெயரடை 'ஆ'வில் முடியும். 'ஸானா' என்றால் சுகமுள்ள. 'மல்' சேர்த்தால் எதிர்ப்பொருள்: 'மல்ஸானா', சுகமற்ற. 'மல்ஸானுலோ' நோயாளி; 'மல்ஸானுலேயோ' நோயாளிகள் இருக்குமிடம், ஆஸ்பத்திரி. விகுதிமேல் விகுதி அடுக்குவது தமிழருக்குப் புதிதன்று. 'ஹூந்தோ' நாய், 'ஹூந்தோன்' நாயை. ஆங்கிலச் சிறுவன் திகைக்கும் இந்த இரண்டாம் வேற்றுமை நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். ஆனால் வேர்ச்சொற்களோ பெரும்பாலும் ஐரோப்பியச் சரக்கு. அவற்றை நாம் நெட்டுருப் போடத்தான் வேண்டும். 'பாத்ரோ' தகப்பன், அதற்குப் பெண்பால் விகுதி சேர்த்து 'பாத்ரீனோ' தாய்! நம் வீட்டுப் பெண்மணிகள் இதை ஒப்புவார்களா?

சர்க்கார்களும் ஒப்பவில்லை. 1922-ல் பிரெஞ்சுக் கல்வி மந்திரி இதைப் பள்ளிக்கூடங்களில் கற்பிக்கலாகாதென்று உத்தரவிட்டார். ராஜ சபைகளில் ஆசனம் பெற்ற பாஷைக்குரியவர்கள் இடம் விட்டுக்கொடுப்பார்களா? ஹிட்லரோ இதை யூதர்களின் சூழ்ச்சியென்று 1925-ல் எழுதினான். ஜாமென்ஹாஃப் 1917-லேயே காலமாகிவிட்டார். அவருடைய மகனை நாஜிகள் 1940-ல் சுட்டுக் கொன்றனர். பெண்கள் இருவரும் 1942-ல் திரெப்ளிங்கா கொலைக்களத்தில் மாண்டனர். அவர்களில் இளையவளான லிதியா இந்தப் பாஷையைக் கற்பிக்கவே அமெரிக்கா வரை சென்று, 1938-ல் போலந்து திரும்பியவள். ருஷியாவிலும் 1937-ஐ ஒட்டி ஸ்டாலினின் ஆட்கள் எஸ்பெராந்தோக்காரர்களைப் பிடித்துச் சிறையிலிட்டனர், பலரைக் கொன்றனர். சொற்களைக் கண்டு ஆயுதபாணிகள் இவ்வளவு அஞ்சியது நமக்கு வியப்பளிக்கிறது.

பாஷை மடியவில்லை. 1954-ல் யுனெஸ்கோ சபை இதன் பணியைப் பாராட்டித் தீர்மானம் செய்தது. 1974-ல் 'பாஸ்போர்ட்டா ஸேர்வோ' என்ற விலாசப் பட்டியல் தொடங்கிற்று. அதிலுள்ளவர்கள் தம் ஊருக்கு வரும் அந்நியருக்கு வாடகையின்றித் தங்க இடம் தருவார்கள். வருகிறவர் எந்தத் தேசத்தவரென்று கேட்பதில்லை. எஸ்பெராந்தோ பேசத் தெரிந்தால் போதும்.