பினாங்கில் கப்பல் நிற்கும் சில மணி நேரம்: முன்னோர் நடந்த தெருக்களில் ஒரு நடை

சிங்கப்பூரிலிருந்தும் போர்ட் கிள்ளானிலிருந்தும் புறப்படும் உல்லாசக் கப்பல்களில் பல, பினாங்கில் ஒரு பகல் நிற்கின்றன. அண்மைக் காலமாக நம் குடும்பங்களும் பள்ளி விடுமுறையில் இப்படிப் பயணம் போகத் தொடங்கியுள்ளன. கப்பல் நின்றதும் பெரும்பாலோர் வேன் பிடித்து மலைக்கோ கடை வளாகத்துக்கோ போய்விடுகிறார்கள். முதல் முறை நாமும் அதைத்தான் செய்தோம். கப்பலுக்குத் திரும்பிய பிறகு, உடன் வந்த நாகூர்ப் பெரியவர் ஒருவர் தயங்கிச் சொன்னார்: "எங்க வாப்பா இருபது வருசம் இந்த ஊர்லதான் இருந்தாங்க ஹஜ்ரத். கடுதாசியில சூலியா தெருன்னு போட்டிருக்கும். அதைப் பாக்காமலே வந்துட்டேன்."

அந்தத் தெரு, நாம் இறங்கிய இடத்திலிருந்து கால் மணி நேர நடைதான். அதே தவறை மற்றவர்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இறங்கியதும் தொடங்கும் பழைய நகரம்

கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் பழைய நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. மலாக்காவுடன் சேர்த்து 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி இது. வெளியே வந்தவுடன் தெரியும் மணிக்கூண்டு 60 அடி உயரம். விக்டோரியா ராணி ஆண்ட 60 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஓர் அடி என்று கட்டியது. அருகில் கார்ன்வாலிஸ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் 1786-ல் இறங்கிய இடம் அது.

அவருக்கு முன்பே நம்மவர்கள் இந்தக் கடலை அறிந்திருந்தார்கள். எதிர்க்கரையில் இருக்கும் கெடா நாட்டில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஏற்கெனவே வணிகம் செய்துவந்தனர். அவர்களைத்தான் 'சூலியா' என்று அழைத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, உழைத்துச் சிறிது காசு சேர்த்ததும் ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று லைட் 1794-ல் எழுதியிருக்கிறார். நம் கடற்கரை ஊர்களில் 'சபுராளி' என்று நாம் சொல்வது இந்த வாழ்க்கையைத்தான்.

ஒரே சாலையில் நான்கு சமயத்தார்

கோட்டையைத் தாண்டி, முன்பு பிட் தெரு என்றும் இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என்றும் வழங்கும் தெருவுக்குள் நுழையுங்கள். தொடக்கத்தில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அடுத்து சீனர்களின் குவான் யின் கோயில். பக்கத்துத் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அதற்கப்பால் நம் பள்ளிவாசல். வழியெங்கும் கடைகளின் முன்னே 'கக்கி லீமா' எனும் ஐந்தடி நடைக்கூரை இருப்பதால், வெயிலானாலும் மழையானாலும் வயதானவர்களும் நடக்கலாம்.

சூலியா தெருவில் ஒரு சிறு நாகூர் தர்கா உண்டு. அதில் அடக்கம் எதுவும் இல்லை. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. தர்கா பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிவோம். ஆனால் எந்த ஊர் மக்கள் எந்த நினைவைச் சுமந்துகொண்டு கடல் கடந்தார்கள் என்பதற்கு அந்தக் கட்டடம் சாட்சி என்பதை யாரும் மறுக்க முடியாது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்

1801-ல் இந்தப் பள்ளிக்கு அடித்தளமிட்டவர் காதர் முஹ்யித்தீன் மரைக்காயர். சூலியாக்களின் தலைவராகக் கம்பெனி அவரை ஏற்றதால் 'கப்பித்தான்' என்ற பட்டம் வந்தது. பினாங்கில் இன்று 'மெரிக்கன்' என்ற குடும்பப் பெயரைக் கேட்டால் வியக்க வேண்டாம். அது நம் 'மரைக்காயர்'தான். இப்போது காணும் குவிமாடங்களும் மினாராவும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த புதுப்பிப்பில் இந்த வடிவம் பெற்றவை.

லைட் இறங்கியது 1786, பள்ளி தொடங்கியது 1801. பதினைந்தே ஆண்டுகளில், பிழைக்க வந்த மக்கள் பள்ளிவாசலுக்காகக் கம்பெனியிடம் 18 ஏக்கர் நிலம் பெற்றார்கள். ஆனால் அடுத்து நடந்ததையும் நாம் அறிய வேண்டும். அந்த நிலத்தில் வீடுகளும் கடைகளும் பெருகின. கணக்கும் கண்காணிப்பும் தளர்ந்தன. பினாங்கின் அறக்கட்டளைகளில் நிர்வாகச் சீர்கேடு என்ற புகார்கள் கூடியதால், 1905-ல் பிரிட்டிஷ் அரசு முஸ்லிம், இந்து அறச்சொத்துகளுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்து ஒரு வாரியத்திடம் ஒப்படைத்தது. கொடுத்தவர்களின் நிய்யத் குறையில்லாதது. பின்வந்தவர்கள் பத்திரத்தையும் கணக்கையும் சரியாக வைத்திருந்தால் பொறுப்பு வெளியார் கைக்குப் போயிருக்குமா? பள்ளியின் முற்றத்தில் நின்று இதை நினைத்தபோது, நம் ஊர் ஜமாஅத்துகளின் பீரோக்களில் செல்லரித்துக் கிடக்கும் வக்ஃப் பத்திரங்கள்தான் நம் கண்முன் வந்தன.

ஹஜ் கப்பல்களின் தெரு

சற்றுத் தள்ளி ஆச்சே தெருப் பள்ளிவாசல். 1808-ல் தெங்கு சையித் ஹுசைன் என்ற ஆச்சே வணிகர் கட்டியது. எட்டுப் பட்டை மினாரா. விமானப் பயணம் பெருகும்வரை வட மலாயா, சுமத்ரா, தென் தாய்லாந்து ஹாஜிகள் இந்தத் தெருவில் தங்கித்தான் ஜித்தா கப்பல் ஏறினார்கள்.

நம் பக்கமும் அப்படியே. 1926-ல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்தில் 1970-கள் வரை ஓடியது. பின்னர் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழி முடிந்தது. அடுக்குப் படுக்கையிலும் மேல்தளத்திலும் நம் பாட்டனார்கள் போன கடலில் இன்று நாம் குளிரூட்டிய அறையில் போகிறோம்.

நேரமும் தொழுகையும்

மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. கப்பலின் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டு, கடைசி ஏறும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்புங்கள். பினாங்கில் லுஹர் பகல் ஒன்றேகாலை ஒட்டி வரும். பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஆனால் உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் நான்கும் தொழ வேண்டும். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவது ஷாஃபி மத்ஹபில் கூடும். ஹனஃபிகள் தத்தம் நேரத்தில் தொழட்டும். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்றாலும், கப்பல் வெள்ளிக்கிழமை நின்றால் அந்த வாய்ப்பை விடாதீர்கள். பெண்களுக்குத் தனி இடம் உண்டு.

பசித்தால் 'நாசி கண்டார்' சாப்பிடலாம். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் காவடித் தடி. தோளில் தடி வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு, இன்று அந்த நகரத்தின் அடையாளம்.

போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் குடும்பத்தில் யார் பினாங்கு போனார்கள்? எந்தத் தெரு?" பதிலை எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்து அந்தத் தெருவில் நடங்கள். பூமியில் பயணம் செய்து முன் சென்றோரைப் பார்த்துப் பாடம் பெறச் சொல்கிறது நம் மார்க்கம். அந்த நாகூர்ப் பெரியவர் மறு ஆண்டு மீண்டும் வந்தார். சூலியா தெருவில் அவர் வாப்பா இருந்த வீட்டை நம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கப்பித்தான் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு வெகுநேரம் அவர் எழவில்லை. "வாப்பாவும் இங்கதான் தொழுதிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

நம் முன்னோர்களின் நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவர்கள் விட்டுச் சென்ற அமானிதங்களைக் காக்கும் பொறுப்புணர்வை நமக்குத் தருவானாக.