வேட்டைக்காரரும் வேடிக்கைச் சித்திரமும்

வரதய்யபாளையத்தை அடுத்த உப்பலமடுகுக் காட்டுக்குள் இன்று ஒருவர் வேட்டைத் துப்பாக்கியுடன் நுழைந்தால், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வேட்டையே பெரிய மனிதருக்கு அடையாளமாக இருந்த காலம் ஒன்று உண்டு. பெரிய மனிதராகத் தோன்ற ஆசைப்பட்டவர்களும் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கேலிச் சித்திரக்காரருக்கு வேலை பிறந்தது அங்கேதான்.

இங்கிலாந்தில் 1671-ஆம் ஆண்டுச் சட்டம் கவுதாரி முதலியவற்றை வேட்டையாடும் உரிமையைப் பெரும்பாலும் நிலப்பிரபுக்களுக்கே கொடுத்திருந்தது. ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும் என்பது அதன் கணக்கு. 1831-இல் சட்டம் மாறிற்று. நிலத்துக்குடையவர் இசைந்தால், உரிமச் சீட்டு வாங்கிய எவரும் சுடலாம் என்றாயிற்று. லண்டன் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? புதுச் சட்டை, புது பூட்ஸ், புதுத் துப்பாக்கி எல்லாம் வந்துவிட்டன. குறி பார்க்கத்தான் தெரியவில்லை!

ராபர்ட் சீமூர் என்ற ஓவியர் இவர்களை வைத்தே பெயர் பெற்றார். இத்தகைய பட்டணத்து வேட்டைக்காரர் சங்கம் ஒன்றைப் பற்றிய படங்களுக்கு வாசகம் எழுதவே 1836-இல் இளைஞர் டிக்கன்ஸை அழைத்தார்கள். அவரோ கதையைத் தம் வழிக்குத் திருப்பிக்கொண்டார். ‘பிக்விக்’ நாவல் பிறந்த வரலாறு இது. அதில் வரும் விங்கிள், சீமூரின் வேட்டைக்காரருடைய மிச்சமே.

படங்கள் நல்ல படங்களே. எனினும் ஒன்று உறுத்துகிறது. குறி தப்பிய கடைக்காரரைப் பார்த்து ஊர் சிரித்தது; குறி தப்பாமல் பறவைகளைக் குவித்த பிரபுவைப் பார்த்துச் சிரித்தவர் குறைவு. பசிக்காக இரவில் முயல் பிடித்த ஏழைக்கோ, 1828-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. மூன்றாம் முறை அகப்பட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். இதில் யாருக்குச் சிரிப்பு வரும்?

நம் நாட்டிலும் வேட்டை மோகம் இருந்தது. தொப்பி, துப்பாக்கி, காலடியில் செத்த புலி என்று படம் பிடித்துக்கொண்ட துரைமாரும் ஜமீன்தார்களும் எத்தனை பேர்! அந்த மோகத்தை எழுத்தால் சித்திரமாக்கியவர் கல்கி. அவருடைய ‘புலி ராஜா’ கதையில் வரும் துரைக்குப் புலியைக் கொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. மகாராஜா கொன்று கொடுத்தாலும் போதும், செத்த புலியின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டால் சரி. நூறாவது புலியோ குண்டு படாமலே மயங்கி விழுகிறது!

கல்கியின் கேலி மேல்நோக்கிப் பாய்கிறது. சீமூரிடம் நான் தேடிக் காணாதது இதுதான். புலி அகப்படாத ஆத்திரத்தில் அந்த ராஜா திவானைக் கூப்பிட்டு, உடனே நிலவரியை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். காட்டில் தப்பிய புலிக்காக வரி கட்ட வேண்டியவன் குடியானவன்.