வலி நின்ற பின்னும் நிறுத்தக்கூடாத மாத்திரை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு ஓர் அழைப்பு வந்தது. இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து பதினான்கு நாட்கள் ஆகியிருந்த ஓர் அம்மையாரின் மகள் பேசினார். "அம்மா வாக்கர் பிடித்து நன்றாக நடக்கிறார், வலியே இல்லை. ஆனால் நேற்று முதல் ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கியிருக்கிறது. அத்தை எண்ணெய் காய்ச்சி நீவிவிடலாம் என்கிறார். செய்யலாமா?"

நீவ வேண்டாம், உடனே அழைத்து வாருங்கள் என்றோம். டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது தொடையின் ஆழ்சிரையில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. இரத்தம் உறையாமல் தடுக்க நாங்கள் கொடுத்தனுப்பிய மாத்திரையை ஏழாம் நாளே நிறுத்திவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரியவந்தது. வலி நின்றுவிட்டதால், மாத்திரையும் வேண்டியதில்லை என்று எண்ணியிருக்கிறார்கள். அதை வலி மாத்திரை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, இரண்டே நிமிடத்தில் விளக்கி அனுப்பிய எங்களுக்கும் அப்பிழையில் பங்குண்டு.

அம்மையார் மேலும் மூன்று மாதங்கள் கூடுதல் அளவில் மருந்து உட்கொண்டு நலமடைந்தார். கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்வதற்கு முன்பே வந்துசேர்ந்தது அவருடைய நற்பேறு.

இடுப்பில் செய்த அறுவைக்கும் காலில் உறையும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்கின்றனர். சிரையில் இரத்தம் உறைவதற்கு மருத்துவ நூல்கள் மூன்று காரணங்களைக் கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் அவை இன்றும் கற்பிக்கப்படுகின்றன: ஓட்டம் மந்தமாதல், குழாயின் உட்சுவர் காயப்படுதல், இரத்தமே எளிதில் உறையும் இயல்பை அடைதல். இடுப்பு மூட்டு மாற்றத்தில் இம்மூன்றும் ஒருங்கே நேர்கின்றன. மூட்டை வெளிக்கொணரக் காலைத் திருப்பும்போது தொடையின் பெருஞ்சிரை சற்று முறுக்கிக்கொள்கிறது. எலும்பை அறுத்த காயத்தை ஆற்ற, உடல் தன் உறைதல் ஆற்றலை முடுக்கிவிடுகிறது. பின்னர் நோயாளி படுக்கையில் கிடக்கிறார். இந்நிலை தையல் பிரித்தவுடன் தீர்ந்துவிடுவதில்லை. பல வாரங்கள் நீடிக்கிறது. இதனால்தான் இடுப்பு அறுவைக்குப் பின் துன்பம் தரும் உறைவுகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் அன்றி, வீடு திரும்பிய பிறகே வெளிப்படுகின்றன.

தடுப்பு மருந்துகள் வழக்கத்துக்கு வருமுன் நடந்த ஆய்வுகளில், இவ்வறுவை செய்துகொண்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிறிதாகவோ பெரிதாகவோ உறைவு காணப்பட்டது. அவற்றுள் பல எந்த அறிகுறியும் காட்டாமல் தாமே கரைந்துவிடும். எது கரையும், எது வளரும் என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லை. ஆகவேதான் அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், எல்லோருக்கும் தடுப்பு அளிக்கிறோம். இந்நோய் மேலைநாட்டவர்க்கே உரியது, நம்மவர்க்கு அரிது என்ற எண்ணம் நம் மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. அது சரியன்று.

எனாக்சாபரின் ஊசி, ரிவாரோக்சபான் அல்லது அபிக்சபான் மாத்திரை, சிலருக்கு ஆஸ்பிரின் என்று உங்கள் உடல்நிலைக்கேற்ப மருந்து மாறும். முன்பு இரத்தம் உறைந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், ஹார்மோன் மாத்திரை உட்கொள்பவர்கள், வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் குறையோ உள்ளவர்கள் அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எந்த மருந்தானாலும் காலக்கெடு ஏறத்தாழ ஐந்து வாரங்கள். பெரும்பாலோர்க்கு 35 நாட்கள் வரை எழுதித் தருகிறோம். ஒரு வேளை மறந்துவிட்டால், அதற்காக மறுவேளை இரண்டாகச் சேர்த்து விழுங்கலாகாது.

"இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை போட்டால் தையல் ஆறாது" என்று அக்கம்பக்கத்தார் அச்சுறுத்துவதுண்டு. இரத்தக் கசிவு ஏற்படலாம் என்ற அச்சம் முற்றிலும் பொய்யன்று. மலம் கருமையாகப் போதல், பல் ஈறில் இரத்தம் நிற்காதிருத்தல், தையலில் இரத்தக் கசிவு, தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் எங்களை அழையுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் இம்மருந்துடன் சேர்ந்தால் கசிவு மிகும். ஊசி போட்ட இடத்தில் வயிற்றில் தோன்றும் நீலத் தடிப்பு அஞ்சத்தக்கதன்று. அதைத் தேய்க்காமல் விட்டால் போதும்.

மருந்துக்கு இணையாக நாங்கள் வற்புறுத்துவது நடையை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையிலுள்ள இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து முறையேனும் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், படுத்தபடியே செய்யலாம். இங்கே எங்களுக்குத் தடையாய் நிற்பது பெரும்பாலும் அன்புதான். தண்ணீர்க் குவளை முதல் தட்டு வரை எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்து, "எழுந்திருக்காதீர்கள் அப்பா" என்கிறார்கள் பிள்ளைகள். அவரை வாக்கருடன் எழுப்பி, துணைக்கு நின்று, சாப்பிடும் இடம் வரை நடத்திச் செல்லுங்கள். இரவில் கழிவறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் மூத்தோரும் உண்டு. அவர்களிடம் அதட்டிப் பயனில்லை. பகலிலேயே போதிய நீர் கொடுத்து, இரவு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டாம். அங்குள்ள சிரை அழுந்தும். காலுறை தரப்பட்டிருந்தால், அது சுருண்டு கயிறுபோல் இறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவை செய்த கால் மாலையில் சற்று வீங்கி, இரவு உயர்த்தி வைத்துப் படுத்தபின் காலையில் வடிவது பலருக்கும் நேர்வதே. வடியாத வீக்கம், கெண்டையிலோ தொடையிலோ புதிதாய்த் தோன்றும் வலி, சூடு, சிவப்பு என்றால் அன்றே வாருங்கள். அறுவை செய்யாத காலிலும் இது வரலாம். எண்ணெய், நீவுதல், ஒத்தடம் எதுவும் வேண்டாம். அழுத்தி நீவினால் கட்டி பெயரக்கூடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை தோன்றினால் எங்களை அழைத்துக் கேட்கவும் நேரமில்லை, 108க்குச் சொல்லுங்கள்.

அந்த மகளின் அழைப்புக்குப் பின் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். மாத்திரை முடியும் நாளை மருந்துச் சீட்டின் தலைப்பில் தமிழில் பெரிதாக எழுதித் தருகிறோம். வீட்டிலுள்ள தினசரி நாட்காட்டியில் அந்தத் தாளை மடித்து வைக்கச் சொல்கிறோம். நோயாளியும் உடன் வந்தவரும் அத்தேதியைத் தம் வாயால் எங்களுக்குச் சொன்ன பிறகே சக்கர நாற்காலி வாசலுக்கு நகர்கிறது.