கொடும்பாளூர் கல்வெட்டை உங்க லேப்டாப் படிக்குமா?

திருச்சியிலிருந்து மதுரை போற ரோட்டில் விராலிமலையைத் தாண்டினா கொடும்பாளூர். அங்கே மூவர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கு. மொழி சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம். பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் மூன்று விமானங்கள் எழுப்பியதை அது சொல்லுது. இன்று நிற்பது இரண்டுதான்.

இதை வச்சு கிரந்தம் கத்துக்கொடுக்கிற ஒரு ஆப் செய்யறீங்கன்னு வைங்க. போட்டோ போட்டுடலாம். ஆனா தேடணும், காப்பி பண்ணணும், பயிற்சிக் கேள்வி கொடுக்கணும்னா ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் வேணும். அந்த எண்ணைத் தருவது யூனிகோட். கிரந்தத்துக்கு அது கிடைச்சது 2014-ல், 7.0 பதிப்பில். யூனிகோட் எண் இல்லாம தனி ஃபாண்டை நம்பினா, நீங்க டைப் பண்ணினது அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் குப்பையாத்தான் தெரியும்.

அந்த எண் சும்மா கிடைக்காது. யாராவது முன்மொழிவு எழுதணும். இந்த எழுத்து புழக்கத்தில் இருந்ததுன்னு கல்வெட்டு, சுவடி, அச்சு நூல்களிலிருந்து ஆதாரம் காட்டணும். அந்த ஆதாரம் வர்றது ஆய்வாளர்களோட உழைப்பிலிருந்துதான்.

2010-ல் கிரந்தப் பட்டியலில் எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றுக்கும் இடம் தரலாம்னு ஒரு யோசனை வந்தது. தமிழ் ஆர்வலர்கள் எதிர்த்தாங்க. தமிழக அரசும் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. கடைசியில் வெளியான பட்டியலில் அந்த ஐந்தும் இல்லை.

ஏன் இவ்வளவு போராட்டம்? ஒருமுறை சேர்த்த எழுத்தை யூனிகோட் நீக்காது, பெயரையும் மாற்றாது. நம்ம 'ழ'வுக்கு அங்கே இருக்கிற பெயர் 'எல்எல்எல்ஏ'. பிடிக்குதோ இல்லையோ, இனி அதுதான். அதனால ஆய்வாளர் பேச வேண்டியது முடிவுக்கு முன்னாடி.

பேசினா பலன் உண்டு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) போன்ற பின்னங்கள், பழைய அளவைக் குறிகளோடு சேர்ந்து மொத்தம் 51 குறியீடுகளாக 2019-ல் 12.0 பதிப்பில் ஏறின. இப்ப அவற்றை வச்சு நீங்க ஒரு கணக்கு விளையாட்டே எழுதலாம்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடறீங்களா? ஒருநாள் கொடும்பாளூர் போய் அந்தச் சுவர் முன்னாடி நின்னு பாருங்க. எண்கள் தயாரா இருக்கு. அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருளை எழுத வேண்டியது நாமதான்.