திரைக்கலையும் கல்வியும்

புதுவைக்கும் விழுப்புரத்திற்கும் இடையே அமைந்த ஊர் கண்டமங்கலம். அவ்வூர் மாணவர் ஒருவர் திரைப்பட ஒளிப்பதிவாளராக விரும்பினால், முதலில் யாது செய்தல் வேண்டும்? சென்னைக்கு வண்டி ஏறுதல் அன்று. பத்தாம் வகுப்பு முடிந்ததும் தக்க பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்தலே ஆகும்.

சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் உள்ளது. 1945ஆம் ஆண்டில் தோன்றிய இந்நிறுவனத்தில் இன்று இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அசைவூட்டம் முதலியவை 4 ஆண்டுப் பட்டப்படிப்புகளாகக் கற்பிக்கப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியோரே அவற்றில் சேரலாம். ஒளிப்பதிவு பயில விழைவோர் இயற்பியலும் வேதியியலும் கற்றிருத்தல் வேண்டும்.

கலைக்கு அறிவியல் எதற்கு எனச் சிலர் வினவலாம். நடிகரிடமிருந்து 1 மீட்டர் தொலைவில் இருக்கும் சிறு விளக்கை 2 மீட்டருக்கு நகர்த்தினால், அவர் முகத்தில் விழும் ஒளி பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடும். இக்கணக்கை அறியாதவர் எடுக்கும் படம் இருண்டுபோகும். அறிந்தவரோ நிழலையும் தம் கருத்திற்கேற்பப் பணிகொள்வர்.

ஆர்வம் மிகுந்திருந்தும் உரிய பாடத்தைக் கைவிட்டோர் பின்னர் வருந்துவர். ஆதலின், கனவு காணும் மாணவர் அக்கனவிற்கு வேண்டிய கல்வி இன்னதென்பதையும் காலத்தே அறிந்துகொள்ளல் நன்று.