வாடகை என்ஜினா, சொந்த என்ஜினா?

கம்ப்யூட்டர் கேம் தயாரிப்பில் இறங்கும் இளைஞர்கள் முதலில் படிக்க வேண்டியது ஒப்பந்தத்தை

தாராவியிலிருந்து மாட்டுங்காவில் உள்ள வி.ஜே.டி.ஐ. கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். செம்பூரின் விவேகானந்தா பொறியியல் கல்லூரிக்கு பஸ்ஸில் போக வேண்டும். இவற்றில் படித்து முடித்த இரு தமிழ் நண்பர்கள் சொந்தமாக ஒரு கேம் தயாரிக்க முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு: ஒரு கம்ப்யூட்டர், இரண்டு வருட உழைப்பு. முதல் நாளே எழும் கேள்வி: எந்த என்ஜின்?

பாத்திரங்கள் ஓடுவது, மோதுவது, திரையில் ஒளி விழுவது ஆகியவற்றுக்கான நிரல்களைத் தயாராக வைத்திருக்கும் சாஃப்ட்வேர்தான் கேம் என்ஜின். இதில் பெரிய கம்பெனிச் சரக்குகள் இரண்டு: யூனிட்டி, அன்ரியல். ஆரம்பத்தில் இரண்டுக்கும் காசு வேண்டாம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020ல் வெளியிட்ட ‘ராஜி’ அன்ரியலில் உருவானதுதான். கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் வருவதில் பொதுவாக 5 சதவீதம் அன்ரியலுக்கு ராயல்டி. யூனிட்டி ராயல்டி கேட்பதில்லை. ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால் சந்தா கட்ட வேண்டும்.

நம்பிக்கை தகர்ந்தது 2023 செப்டம்பர் 12ல். குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய கேம்களுக்கு, புதிதாக யாராவது பதிவிறக்கி நிறுவும் ஒவ்வொரு முறையும் 20 சென்ட் வரை (அன்று சுமார் 17 ரூபாய்) கட்டணம் என்றது யூனிட்டி. ஏற்கனவே வெளியான கேம்களும் தப்பவில்லை. எதிர்ப்பு வெடித்தது. பத்தே நாளில் நிபந்தனைகள் தளர்ந்தன. அடுத்த மாதம் தலைமை நிர்வாகி விலகினார். 2024 செப்டம்பரில் கட்டணமே ரத்தானது. ஆனால் பாடம் மிஞ்சியது. பாதி முடிந்த கேமை வேறு என்ஜினுக்கு மாற்றுவது, பெரும்பகுதியைத் திரும்ப எழுதுவதற்குச் சமம்.

அப்போது பலரும் திரும்பிப் பார்த்தது கோடோவை. அர்ஜென்டினாவின் இருவர் உருவாக்கி, 2014ல் மூல நிரலோடு பொதுவில் விட்ட என்ஜின் இது. ராயல்டி இல்லை. கையிலிருக்கும் பதிப்புக்கு நாளை யாரும் கட்டணம் விதிக்க முடியாது. தமிழருக்கு இன்னொரு லாபம்: ‘கெ’ என்ற எழுத்தின் கொம்பு இடம் மாறாமல் திரையில் வர, 2023ல் வந்த நான்காம் பதிப்பு வழி செய்தது. யூனிட்டியின் வழக்கமான எழுத்துக் கருவி நெடுங்காலம் தடுமாறிய இடம் இது.

குறைகளும் உண்டு. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ நிறுவனங்களின் ரகசிய ஒப்பந்தங்களால், அக்கருவிகளுக்கான நிரலைப் பொதுவில் வைக்க முடியாது. பணம் கொடுத்து வெளியாரைப் பிடிக்க வேண்டும். வேலை தேடுவோருக்கும் யூனிட்டி, அன்ரியல் அனுபவமே அதிகம் கைகொடுக்கும்.

11 மாத ஒப்பந்தத்தில் வீடு எடுக்கும் மும்பைவாசிக்கு இது புதிதல்ல. வாடகை வீட்டில் வசதிகள் அதிகம். ஆனால் அடுத்த வருட வாடகையைச் சொல்பவர் வீட்டுக்காரர். சொந்த வீட்டில் அந்தக் கவலை இல்லை. ஒழுகும் கூரையை மட்டும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.