தரவுத்தளத்தின் மூன்றாவது விடை

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகக் கொள்ளும் உறவுமுறை மாதிரியை 1970இல் முன்வைத்தார். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குரிய தகவல் கிடைக்காதபோது அங்கே எதை இடுவது என்ற சிக்கலை 1979இல் வெளியான அவருடைய மற்றொரு கட்டுரை ஆராய்ந்தது. அத்தகைய கட்டத்தில் இடப்படும் குறியே வெற்றுமதிப்பு; நிரலர்கள் அதனை 'நல்' என்பர். அது பூச்சியமும் அன்று, எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் அன்று. ஆயினும் ஆரக்கிள் தரவுத்தளம் வெற்றுச் சரத்தையும் வெற்றுமதிப்பாகவே கொண்டு குழப்பத்தைக் கூட்டுகிறது.

அறியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் மெய்யென்றோ பொய்யென்றோ உறுதிகூற இயலாது என்பதால், தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல் 'அறியப்படாதது' என்னும் மூன்றாவது விடையைத் தருகிறது. இரண்டு வெற்றுமதிப்புகளைச் சமக்குறியால் ஒப்பிட்டாலும், வந்த விடையை எதிர்மறையாக்கினாலும் அதுவே மிஞ்சும். ஆகையால் வெற்றுமதிப்பைக் கண்டறிய 'இஸ் நல்' என்ற தனிச் சோதனை வகுக்கப்பட்டுள்ளது.

இடர் தொடங்குவது நிபந்தனைகளில்தான். மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் எனில் 'தேர்ச்சி', இல்லையேல் 'தோல்வி' என்று 'கேஸ்' கூற்றில் எழுதினால், விடைத்தாள் இன்னும் திருத்தப்படாத மாணவரும் தோல்வியுற்றவராகிவிடுவார். ஏனெனில் 'இல்லையேல்' என்னும் கிளை பொய்யையும் அறியப்படாததையும் வேறுபடுத்துவதில்லை. இதனினும் கொடியது 'நாட் இன்' நிபந்தனை. விலக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரேயொரு வெற்றுமதிப்பு கலந்திருந்தாலும், எந்த மதிப்பும் அதனின்று வேறானது என்று உறுதிப்படுத்த முடியாமற்போவதால், பிழைச்செய்தி ஏதுமின்றி வினவல் ஒரு வரிசையையும் திருப்பித் தராது. இம்மொழி தன்னளவிலும் சீராக இல்லை: வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனை அறியப்படாததைப் பொய்போல ஒதுக்குகிறது, தரவை நுழைவின்போதே சரிபார்க்கும் 'செக்' கட்டுப்பாடோ அதனைத் தடையின்றி அனுமதிக்கிறது.

வெற்றுமதிப்புக்கு ஈடாக வேறொரு மதிப்பை வைக்கும் 'கோயலெஸ்' சார்பு பலருக்கும் எளிய மருந்தாகத் தோன்றுகிறது. ஆனால் 40, 60 ஆகிய இரு மதிப்பெண்களோடு ஒரு வெற்றுமதிப்பும் இருக்கையில் 50 ஆக வரும் சராசரி, அதற்கு ஈடாகப் பூச்சியம் வைத்த மாத்திரத்தில் ஏறத்தாழ 33 ஆகக் குறைந்துவிடும். ஆகவே 'இஸ் நல்' சோதனையைக் கேஸ் கூற்றின் முதற்கிளையாக வைத்து 'முடிவு நிலுவை' என்று தனியே காட்டுவதே நேர்மையான வழி.

மதிப்பு உண்டு, ஆனால் தெரியவில்லை என்பதையும் மதிப்புக்கே அங்கு இடமில்லை என்பதையும் இரு குறிகளாகப் பிரிக்க வேண்டுமெனக் காட் பின்னர் வலியுறுத்தினார். தரவுத்தள அறிஞர் கிறிஸ் டேட் வெற்றுமதிப்பே வேண்டாம் என்றார். எஸ்கியூஎல் இருவர் பேச்சையும் ஏற்கவில்லை.